பெயர் போட்ட பேப்பர் கப்: செட்டிநாட்டு டீக்கடைக்கும் ஜிகர்தண்டா கடைக்கும் எது தாங்கும்?

கப்பில் கடைப் பெயரை அச்சடித்துவிட்டால், அதன் பிறகு அந்தக் கப்புக்கு நேர்வதெல்லாம் கடையின் கணக்கில்தான் ஏறும். அடி ஒழுகி வண்டி டேங்க் மேல் டீ வடிந்தாலும், காபியில் மை வாசம் அடித்தாலும், குன்றக்குடி போகிற சாலையோரம் கசங்கிக் கிடந்தாலும் பார்ப்பவர் படிப்பது கடையின் பெயரைத்தான். கப் செய்த கம்பெனியின் பெயர் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் முதலில் கப்பின் உடம்பைப் பார்க்க வேண்டும், அச்சை அப்புறம் பார்க்கலாம். பெரும்பாலான கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஏஜென்ட் ஆல்பத்தைத் திறந்து கலர் கலராக டிசைன் காட்டுகிறார், ஓனர் டிசைனைத் தேர்வு செய்கிறார், கப் எந்தப் பேப்பர், உள்ளே என்ன பூச்சு என்ற பேச்சே எழுவதில்லை.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் கடைகளுக்கு வரும் மாதிரிகளை நாலைந்து வகைக்குள் அடக்கிவிடலாம். அதிகம் வருவதும் விலை குறைந்ததும் உள்பக்கம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பூசிய சாதாரண பேப்பர் கப். இதைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்: தமிழ்நாட்டில் இது தடை செய்யப்பட்ட பொருள். 2018 ஜூனில் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மாநில அரசின் தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் வந்த மத்திய அரசின் தடையில் பிளாஸ்டிக் கப் மட்டும்தான் உண்டு, பூச்சுள்ள பேப்பர் கப் இல்லை. 'இது கவர்ன்மென்ட் அனுமதிச்ச கப்தான்' என்று ஏஜென்ட் சொல்வது அந்த மத்திய அரசுப் பட்டியலை வைத்துத்தான். மாநிலத் தடையை எதிர்த்து பேப்பர் கப் தயாரிப்பாளர் சங்கம் தொடுத்த வழக்கில், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கப் மீதான தடையை உறுதி செய்துவிட்டது. பெயர் போடாத கப்பாக இருந்தால் ஆய்வுக்கு வருபவர் யாருடையது என்று கேட்டறிய வேண்டும். பெயர் போட்ட கப் அந்த வேலையையும் மிச்சம் செய்து கொடுத்துவிடும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் சூடான டீக்கு இந்தப் பூச்சைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. 2020இல் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரை இத்தகைய கப்பில் ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் இறங்கியிருந்தன. மாஸ்டர் ஆற்றி ஊற்றும் டீயின் சூடும் கிட்டத்தட்ட அதுதான். பார்சல் வாங்கிப் போகிறவர் வீட்டுக்குப் போய்க் குடிக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் அதுதான்.

அடுத்தது நீர்வழிப் பூச்சு கப். தண்ணீரில் கலந்த பூச்சை மை பூசுவது போல மெல்லியதாகப் பேப்பர் மேல் இழுத்து உலர்த்துவார்கள். தனிப் படலமாகப் பிரிந்து வராததால், பேப்பரோடு சேர்த்து மறுசுழற்சிக்குப் போட இது எளிது. ஏஜென்ட் கொண்டுவந்தது உண்மையிலேயே இந்த வகைதானா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். கப்பைப் பிரித்து வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, உள்பக்கத்தை நகத்தால் மெல்லச் சுரண்டி இழுத்துப் பாருங்கள். கண்ணாடித் தாள் போல ஒரு தோல் உரிந்து வந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது அடுத்து வரப்போகும் பி.எல்.ஏ. பேப்பர் கூழாகக் குழைந்து, தோல் எதுவும் வராவிட்டால் நீர்வழிப் பூச்சு. அட்டைப் பெட்டியில் பச்சை இலை படம் போட்டு 'ஈகோ' என்று எழுதியிருப்பது எதற்கும் சான்று ஆகாது.

இந்த வகையின் பலவீனம் மூட்டில் இருக்கிறது. கப் மிஷின் பக்கவாட்டு மூட்டையும் அடிவட்டத்தையும் சூடேற்றி அழுத்தித்தான் ஒட்டுகிறது. பாலிஎத்திலீன் கொஞ்சம் கூடக்குறைய சூடு பட்டாலும் உருகி ஒட்டிக்கொள்ளும். நீர்வழிப் பூச்சுக்கு அந்தத் தாராளம் கிடையாது. சூடு சற்றுக் குறைந்தால் ஒட்டாது, கூடினால் பேப்பர் பழுப்பேறும். பழைய மிஷினில் பேப்பர் ரோலை மட்டும் மாற்றி ஓட்டுகிற தயாரிப்பாளரிடம் வாங்கினால் நூறில் சில கப் அடியில் கசியும். ஆகவே இந்த வகையை ஒன்றிரண்டு மாதிரி பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு கட்டு முழுக்க, அதாவது 50 கப்பாவது, வாங்கிச் சோதிக்க வேண்டும்.

பி.எல்.ஏ. என்பது மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக். சோளம், கரும்பு என்று விளம்பரத்தில் வரும். டீயைத் தாங்கும், மூட்டும் நன்றாக ஒட்டும். ஆனால் மக்கும் என்ற சொல்லை நம்பித் தோட்டத்துக் குழியில் போட்டால் மக்காது. 58 டிகிரி அளவில் சூட்டைப் பிடித்து வைக்கும் தொழிற்கூட உரக்குழியில்தான் மக்கும். வாங்குவதாக இருந்தால் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரத்தின்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். கப்புக்கு அது செல்லுமா என்பதை மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே பெயர் அச்சடிக்கக் கொடுக்கலாம். இன்னொரு விஷயம், பி.எல்.ஏ. 55, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அடுக்கி வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது விளிம்பு கிழியும்.

மண் குவளையை இந்தப் பக்கத்துக் கடைகள் ஏன் அதிகம் நினைப்பதில்லை என்று தெரியவில்லை. மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பெயர் பெற்ற மானாமதுரை நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. பச்சை மண்ணில் முத்திரைக் கட்டையை அழுத்தினால் கடைப் பெயர் சுட்ட பிறகும் நிற்கும்; மையும் இல்லை, பூச்சும் இல்லை. கனம், உடைசல், அடுக்கி வைக்கும் இடம் ஆகியவை இதன் குறைகள். முதல் முறை ஊற்றும்போது கொஞ்சம் டீயைக் குடித்துக்கொள்ளும் என்பதால் பத்து மில்லி கூடுதலாகக் கணக்கு வைக்க வேண்டும். கடைவாசலில் நின்று குடிப்பவருக்கும் கல்யாண வரவேற்புக்கும் இது அழகு. வண்டியில் எடுத்துப் போகிற பார்சலுக்கு ஆகாது.

சுவரில் நெளிநெளியாக இரண்டாவது அட்டை சுற்றிய ரிப்பிள் கப் 200 மில்லிக்கு மேலே காபி கொடுக்கும் கடைக்குத்தான் வேண்டும். நூறு மில்லி டீக்கு அது வீண் செலவு.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 150 மில்லி கப் என்றால் விளிம்பு தொட ஊற்றினால் 150 மில்லி என்று பொருள். நடந்து போகிறவர் கையில் சிந்தாமல் இருக்க மேலே ஒரு சென்டிமீட்டராவது விட வேண்டும், அப்போது உள்ளே நிற்பது ஏறக்குறைய 120 மில்லி. நுரை தளும்பும் காபிக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். கடைக் கண்ணாடி கிளாஸில் வழக்கமாக ஊற்றும் டீயை ஒரு முறை தராசில் வைத்து எடை பார்த்துக்கொள்ளுங்கள். டீக்கு ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லிதான். 90 கிராம் வந்தால் 110 முதல் 130 மில்லிக் கப் சரியாக இருக்கும். அதே 90 மில்லியை 150 கப்பில் ஊற்றினால் 'பார்சல்னா குறைச்சுத் தர்றாங்க' என்று பேச்சு வரும். 65 மில்லிக் கப் விசேஷ வீட்டுப் பந்திக்கு உரியது, கடைக்கு வேண்டாம்.

மூடி போடுவதாக இருந்தால் மில்லியை விட வாய் விட்டம் முக்கியம். 80 மில்லிமீட்டர், 90 மில்லிமீட்டர் என்ற இரண்டு விட்டங்களுக்கு மூடி எளிதாகக் கிடைக்கும். கப்பையும் மூடியையும் வெவ்வேறு இடத்தில் வாங்கி, அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மூடி நழுவிப்போவது அடிக்கடி நடக்கிறது. மூடி போட்ட கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பத்து வரை எண்ணுங்கள். விளிம்பில் சொட்டுப் போடலாம், மூடி கழலக் கூடாது.

குளிர்பானத்துக்குக் கணக்கே வேறு. ஜிகர்தண்டா, ரோஸ் மில்க், நன்னாரி சர்பத் ஊற்றிய கப்பின் வெளிப்பக்கம் வேர்க்கும். உள்பக்கம் மட்டும் பூச்சுள்ள டீ கப்பை இதற்குக் கொடுத்தால் வேர்வை வெளிப் பேப்பரில் இறங்கி, இருபது நிமிடத்தில் கப் தொளதொளத்துவிடும். அச்சும் விரலில் ஒட்டும். இரண்டு பக்கமும் பூச்சு உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். ஜிகர்தண்டாவுக்கு மேலே ஐஸ்கிரீம் வைப்பதால் தட்டை மூடி அமுங்கிப் பிதுங்கும், குவிந்த மூடிதான் சரி. கடற்பாசியும் பாதாம் பிசினும் ஏறிவர 6 மில்லிமீட்டர் ஸ்ட்ரா போதாது. அதற்கு ஸ்ட்ராவை விட மரக்கரண்டி நல்லது. பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கும் தடை இருக்கிறது.

இனி அச்சு. கப் தொழிலில் இரண்டு வழி உண்டு. ஃப்ளெக்ஸோவில் பேப்பர் ரோலாக இருக்கும்போதே அடித்துவிட்டு, பிறகு விசிறி வடிவத்தில் வெட்டுவார்கள். ஆஃப்செட்டில் தாளில் அடித்து வெட்டுவார்கள். நுணுக்கமான படமும் போட்டோவும் இதில்தான் தெளிவாக வரும். ஃப்ளெக்ஸோவில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பிளேட் செய்ய வேண்டும். இரண்டு வண்ணப் பிளேட்டுக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 10,000 கப் அடித்தால் கப்புக்கு 60 பைசா பிளேட்டுக்கே போகிறது, 50,000 அடித்தால் 12 பைசா. மாதம் எத்தனை பார்சல் கப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. நான்கு மாதத்தில் தீராத அளவை ஆர்டர் செய்ய வேண்டாம். பேப்பர் கப் பழசானால் விளிம்பும் மூட்டும் விட்டுப்போகும்.

சிறு கடைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. கப்பில் அச்சடிக்காமல், கப்பைச் சுற்றிப் போடும் அட்டைப் பட்டையில் அடிப்பது. பானத்தைத் தொடாத அட்டை என்பதால் சிவகாசியில் எந்த ஆஃப்செட் அச்சகத்திலும் சில ஆயிரம் எண்ணிக்கைக்கே செய்து வாங்கலாம். கை சுடாது, கப் தயாரிப்பாளரை மாற்றினாலும் பட்டை வீணாகாது. மாதம் மூவாயிரம் பார்சலுக்குக் கீழே போகும் கடைக்கு எங்கள் தேர்வு வெள்ளைக் கப்பும் அச்சடித்த பட்டையும்தான். ஸ்டிக்கர் ஒட்டுவது சூடான டீக்குப் பரவாயில்லை, குளிர்பானத்தில் வேர்வை பட்டு உரிந்துவிடும்.

டிசைனில் இந்த ஊர்க் கடைகள் அதிகம் கேட்பது ஆத்தங்குடி டைல் கோலமும் கண்டாங்கிச் சேலைக் கட்டமும். இரண்டும் கப்பில் அப்படியே உட்காராது. 150 மில்லிக் கப்பின் வாய் 70 மில்லிமீட்டர் விட்டம், அடி 50 மில்லிமீட்டர் என்று கொண்டால், மேல் சுற்றளவு சுமார் 220, கீழ்ச் சுற்றளவு சுமார் 157. சதுர டைலை வரிசையாக அடுக்கினால் கீழே வரவரக் குறுகி, ஒவ்வொரு சதுரமும் சாய்ந்த பெட்டியாகிவிடும். பக்கவாட்டு மூட்டில் ஒரு விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறும்போது ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் கோலம் உடைந்தது கண்ணில் படும். டைலின் காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு நான்கையும் ஃப்ளெக்ஸோவில் கேட்டால் நான்கு பிளேட். வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழாமல் பூவிதழைச் சுற்றி வெள்ளைக் கீற்று தெரியும். கப்பின் முகப்பில் ஒரே ஒரு டைலை மட்டும் பெரிதாக வைத்து, காவியும் கறுப்பும் என இரண்டே வண்ணத்தில் வரைவது நன்றாக அமையும். கண்டாங்கியில் கட்டத்தை விட்டுவிட்டு, அரக்கும் மஞ்சளுமான பட்டைக்கரையை மட்டும் அடியில் ஓட விடலாம். அந்தக் கரையை நேர்கோடாக வரைந்து கொடுத்தால் கப் உருளும்போது வில்லாக வளையும். கம்பெனியின் டை (கப் பேப்பரை விசிறி வடிவில் வெட்டும் கருவி) வரைபடத்தை வாங்கி, அதன் வளைவோடு வளைத்து வரைய வேண்டும். ஒரு கம்பெனியின் 150 மில்லி டை இன்னொரு கம்பெனியின் 150 மில்லிக்குப் பொருந்தாது, சாய்வு மாறும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். டிசைனர் யூனிகோடு எழுத்தில் அமைத்த பெயரைப் பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறும். 'செட்டிநாடு' என்பதில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிய கோப்பை மட்டும் அனுப்புங்கள். ஃப்ளெக்ஸோவில் மை சற்றுப் பரவும். அதனால் சிறிய எழுத்தில் ண, ழ, ஜ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அழுத்தமான நிறத்தின் நடுவே வெள்ளை எழுத்து விட்டால் மெய்யெழுத்தின் புள்ளி முதலில் மறையும். 'காபி டீ ஸ்டால்' என்பது 'காபி டீ ஸடால' என்று வரும். கடைப் பெயர் உயரம் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், மற்ற வரிகள் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்கட்டும். பிரவுன் கப்பில் வெள்ளை மை பெரும்பாலும் கிடைக்காது, மஞ்சள் காணாமல் போகும்; அதற்குக் கறுப்பும் காவியும்தான் சரி.

பணம் செலுத்தும் க்யூ.ஆர். கட்டத்தைக் கப்பில் அடிக்காதீர்கள். வங்கிக் கணக்கு மாறினால் இருக்கிற கப் அத்தனையும் குப்பை. விலை, வருடம், ஆஃபர் எதுவும் வேண்டாம். முகப்பு மூட்டுக்கு நேர் எதிர்ப் பக்கம் வர வேண்டும். மேல் விளிம்பிலிருந்து 15 மில்லிமீட்டர் வெறுமையாக விட வேண்டும், அங்கேதான் உதடு படுகிறது.

மை விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று: கப்புகள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி வருகின்றன. அப்படியானால் ஒரு கப்பின் வெளி அச்சு அடுத்த கப்பின் உள்பக்கத்தை உரசிக்கொண்டே பல வாரம் இருக்கிறது. சரியாக உலராத மை அப்படித்தான் டீக்குள் போகும். உணவுப் பொட்டல மைக்கான ஐ.எஸ். 15495 தரத்தின்படி என்று பில்லிலோ கடிதத்திலோ எழுதி வாங்க வேண்டும். கட்டைப் பிரித்து ஒரு கப்பின் வெள்ளை உள்பக்கத்தை ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நிறம் ஏறினால் அந்தச் சரக்கு வேண்டாம்.

மாதிரியைச் சோதிக்க அரை நாள் போதும். அச்சடித்த கப்பாகவே, ஓடப்போகும் அதே பேப்பரில் கேளுங்கள். பத்துக் கப்பில் கொதிநீர் ஊற்றித் தட்டு போட்டு மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் போன்ற வாசம் ஆஃப்செட் மை காயாததைக் காட்டும். இன்னும் இருபது கப்பில் கேசரிப் பவுடர் கலந்த சூடான தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் தாள் மேல் அரை மணி நேரம் வையுங்கள். அடிவட்டத்தில் கறை விழுந்தால் அடி ஒட்டு சரியில்லை. பக்க மூட்டில் கோடாகச் சிவப்பு ஏறினால் வெட்டிய பேப்பர் விளிம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது. முதல் பத்து நிமிடத்துக்குள் ஏறினால் ஒதுக்குங்கள். பிறகு டீ நிரம்பிய கப்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குங்கள். வாய் முட்டை வடிவில் நசுங்கினால் பேப்பர் மெலிசு. எத்தனை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் பேப்பரின் கிராம் எடை) என்று அப்போது கேட்டால் பேசுவதற்குப் பிடி கிடைக்கும்.

ஆர்டர் தாளில் எழுத வேண்டியவை: பூச்சின் வகை, பேப்பர் ஜி.எஸ்.எம்., விளிம்புவரை கொள்ளளவு, வாய் விட்டம், வண்ண எண்ணிக்கை, பிளேட் யாருக்குச் சொந்தம், கூடக்குறைய எத்தனை சதவீதம் வரை ஏற்பது. அச்சுத் தொழிலில் பத்து சதவீதம் கூடவோ குறையவோ அனுப்புவது வழக்கம். எழுதாவிட்டால் கூடுதலாக வந்ததற்கும் பணம் கேட்பார்கள். பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி, தைப்பூச நடைப்பயணம், வைகாசி முகூர்த்தம் நெருங்கும்போது கொடுத்தால் அவசரத்தில் மை காயாமல் கட்டிவிடுவார்கள். ஒரு மாதம் முன்னால் கொடுங்கள்.

சரக்கு வந்த அன்றே எண்ண வேண்டும். ஒரு கட்டின் எடையைப் பார்த்து, பெட்டியின் எடையை அதனால் வகுத்தால் குறைவு தெரிந்துவிடும். மேலே இருக்கும் பெட்டியைத் திறக்காமல் நடுவில் உள்ளதைத் திறந்து, அதிலிருந்து இருபது கப்பை மறுபடியும் சாயத் தண்ணீரில் சோதிக்க வேண்டும். மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் தரையோடு இருக்கும் பெட்டிக்குக் கரையானும் வரும். கொசுவத்தி, சாம்பிராணி, பினாயில் மூன்றும் அந்த அறையில் வேண்டாம், பேப்பர் வாசத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு முதல் டீயிலேயே திருப்பிக் கொடுத்துவிடும். தூக்குவாளியோடு வருகிறவருக்குக் கப் விலையைக் கழித்துக் கொடுப்பதாகப் பலகையில் எழுதி வைத்தால், அடுத்த ஆர்டரில் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.